பூக்கடைக்கும் விளம்பரம் வேண்டும்: ஒரு பண்பாட்டுச் சங்கத்தின் அகப்பக்கத்தை ஊரறியச் செய்வது எப்படி?

பூக்கடைக்கு விளம்பரம் எதற்கு என்பார்கள். கோலாலம்பூரில் நம்மவர் கடைகள் நிறைந்த பிரிக்பீல்ட்ஸ் பக்கம் போனால் அது சரிதான் என்று தோன்றும். கடை கண்ணில் படுவதற்கு முன்பே மல்லிகை மணம் வந்து கையைப் பிடித்து இழுக்கும். இணையத்தில் அந்த வசதி இல்லை. அங்கே மணமும் கிடையாது, மேளச் சத்தமும் கிடையாது. மூன்று தலைமுறை கண்ட சங்கமும் நேற்று முளைத்த கடையும் ஒரே வரிசையில், ஒரே அளவு எழுத்தில்தான் நிற்கின்றன.

கோலாலம்பூரில் ஒரு சிறிய கலை பண்பாட்டுச் சங்கத்தின் அகப்பக்கத்தைச் சில ஆண்டுகளாக நான் பார்த்துக்கொள்கிறேன். நான் கணினி படித்தவன் அல்லன். கணக்கு எழுதிப் பிழைத்தவன். "உனக்குத்தான் கொஞ்சம் தெரியுமே" என்று தலையில் கட்டிவிட்டார்கள். சங்கங்களில் வேலை பங்கிடும் முறையே அதுதானே! ஆகவே இது நிபுணர் எழுதும் கட்டுரை அல்ல. என்னைப் போலத் தலையில் கட்டப்பட்ட இன்னொருவருக்காக எழுதுகிறேன்.

அகப்பக்கம் தொடங்கி ஓராண்டு ஆனபோது செயற்குழுக் கூட்டத்தில் தலைவர் கேட்டார். "தம்பி, காசு போட்டுச் செய்தோம். அதைப் பார்த்து ஒரு பிள்ளைகூட வகுப்பில் சேர்ந்ததாகத் தெரியவில்லையே?"

நான் வாய் திறப்பதற்குள் அவரே தம் கைப்பேசியை எடுத்துச் சங்கத்தின் பெயரைத் தட்டினார். முதல் வரியிலேயே எங்கள் அகப்பக்கம் வந்து நின்றது. "வருகிறதே!" என்று மகிழ்ந்துபோய்ச் சுற்றிலும் காட்டினார்.

"ஐயா, நம் பெயர் தெரிந்தவர் உங்களுக்கே நேராகத் தொலைபேசியில் பேசிவிடுவார். பெயர் தெரியாதவர் எதைத் தட்டுவாரோ அதைத் தட்டிப் பாருங்கள்" என்றேன். சற்று யோசித்துவிட்டு, 'பிள்ளைகளுக்குப் பரதநாட்டிய வகுப்பு, பிரிக்பீல்ட்ஸ்' என்று ஆங்கிலத்தில் தட்டினார். நீளமாக விரலால் தள்ளிக்கொண்டே போனார். நாங்கள் எங்கும் இல்லை. கொஞ்ச நேரத்தில் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டார். பிள்ளைக்கு வகுப்பு தேடும் தாய் அவ்வளவு நேரம்கூடத் தள்ளமாட்டாள்.

அகப்பக்கத்தை இணையத்தில் பரப்புவது என்ற பெரிய பேச்செல்லாம் இந்த ஒரு கேள்வியில் அடங்கிவிடும்: உங்கள் பெயர் தெரியாதவர் எதைத் தட்டுவார்? அதற்கு உங்கள் பக்கத்தில் பதில் இருக்கிறதா?

இயந்திரம் எப்படிப் படிக்கிறது

கூகுள், பிங் போன்றவற்றைத் தேடுபொறி என்கிறோம். நாம் ஒரு சொல்லைத் தட்டியதும் அது உலகெங்கும் ஓடித் தேடி வருவதாகப் பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. தேடும் வேலை முன்கூட்டியே முடிந்துவிட்டது. தேடுபொறியின் நிரல்கள் இரவு பகலாக ஒரு பக்கத்தில் உள்ள இணைப்பைப் பிடித்துக்கொண்டு அடுத்த பக்கத்துக்குப் போய்க்கொண்டே இருக்கின்றன. போன இடத்தில் கண்ட எழுத்தையெல்லாம் சொல் சொல்லாகப் பிரித்து ஏற்றி வைத்துக்கொள்கின்றன. கனமான புத்தகங்களின் கடைசியில் சொல்லடைவு இருக்குமே, 'காவடி: பக்கம் 14, 87, 203' என்று, அதுபோல. நாம் தட்டும்போது நடப்பது அந்தச் சொல்லடைவைப் புரட்டுவதும், அகப்பட்ட பக்கங்களில் எதை மேலே வைப்பது என்று வரிசைப்படுத்துவதும்தான்.

ஆகவே மூன்று இடங்களில் கோட்டை விடலாம். நிரல் உங்கள் பக்கம் வராமலே போகலாம். வந்தும் படிக்க முடியாமல் திரும்பலாம். படித்த பிறகு, உங்களைவிடப் பொருத்தமானவர் இருக்கிறார் என்று கீழே தள்ளலாம். சங்கங்கள் கவலைப்படுவதெல்லாம் மூன்றாவதைப் பற்றி. நான் பார்த்த அளவில் நோய் பெரும்பாலும் முதல் இரண்டில் இருக்கிறது.

முதலாவதைச் சோதிக்க ஒரு நிமிடம் போதும். கூகுளில் 'சைட்' (site) என்ற ஆங்கிலச் சொல்லைத் தட்டி, முக்காற்புள்ளி (:) வைத்து, இடைவெளி விடாமல் உங்கள் அகப்பக்க முகவரியைத் தட்டுங்கள். கூகுள் ஏற்றி வைத்திருக்கும் உங்கள் பக்கங்கள் வரிசையாக வரும். ஒன்றும் வரவில்லை என்றால் கதவு உள்ளே தாழிடப்பட்டிருக்கலாம். அகப்பக்கம் கட்டும் காலத்தில், அரைகுறையாக இருக்கும்போது யாரும் பார்க்க வேண்டாம் என்று, 'தேடுபொறிகளே, இதை ஏற்றாதீர்கள்' என்னும் குறிப்பை வடிவமைப்பாளர் வைப்பது வழக்கம். அகப்பக்கம் கட்டப் பலரும் பயன்படுத்தும் வேர்ட்பிரஸ் மென்பொருளில் அது அமைப்புகள் பகுதியில் இருக்கும் ஒரு சிறு கட்டம். வேலை முடிந்ததும் அந்தக் கட்டத்தில் உள்ள குறியை எடுக்க வேண்டும். எங்களுக்குச் செய்து கொடுத்தவர் உள்பக்கங்களுக்கு வைத்திருந்த குறிப்பை எடுக்க மறந்துவிட்டார். முகப்பு மட்டும் தெரிந்தது, வகுப்புப் பக்கம் ஓராண்டு இருட்டில் கிடந்தது. தலைவர் கேட்ட கேள்விக்குப் பாதி விடை அதுதான். அந்தக் கூட்டத்தில் நான் அதைச் சொல்லவில்லை. எனக்கே அப்போது தெரியாது.

இரண்டாவது நோய்தான் நமக்கே உரியது. நம் சங்கங்களின் உயிர் சுவரொட்டியில் இருக்கிறது. ஒரு பக்கம் குத்துவிளக்கு, மறுபக்கம் மயில், நடுவில் சிறப்பு விருந்தினரின் படம், நாள், நேரம், இடம், அன்னதான உபயக்காரர் பெயர் என எல்லாம் ஒரே படமாக வரும். அதைப் புலனத்தில் அனுப்புவார்கள். (வாட்ஸ்அப்பை இங்கே புலனம் என்று சொல்லிப் பழகிவிட்டோம், தமிழ்நாட்டு உறவினர்களிடம் சொன்னால் விழிக்கிறார்கள்.) பிறகு அதே படத்தை அகப்பக்கத்திலும் ஏற்றிவிட்டு, நிகழ்ச்சி அறிவிப்பு முடிந்தது என்று கையைத் தட்டிவிடுவார்கள். மனிதர் படித்துவிடுவார். இயந்திரத்துக்கு அது ஒரு படம். படத்தில் உள்ள எழுத்தைப் படிக்கும் திறன் இப்போது இயந்திரங்களுக்கு ஓரளவு வந்திருப்பது உண்மை. ஆனால் மயில்தோகைமேல் மஞ்சள் எழுத்தில் வளைத்து எழுதிய 'மாலை மணி 6.30' அதற்கு விளங்கும் என்று நம்பியிருக்காதீர்கள். சுவரொட்டி அழகுக்கு இருக்கட்டும். அதன் கீழே நான்கு வரி எழுத்தாகவே போடுங்கள்: என்ன நிகழ்ச்சி, எந்த நாள், எந்த மண்டபம், நுழைவு இலவசமா. கண் தெரியாத உறுப்பினர் ஒருவர் எங்களுக்கு இருக்கிறார். அவருடைய கைப்பேசி அந்த நான்கு வரியைத்தான் அவருக்கு வாசித்துக் காட்டுகிறது.

பழைய எழுத்துருவின் தொல்லை இன்னொன்று. எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடாகிய ஒருங்குறி (யூனிகோட்) பரவுவதற்கு முன் அகப்பக்கம் தொடங்கிய சங்கங்களில், பழைய மலர்களும் கட்டுரைகளும் பாமினி போன்ற எழுத்துருக்களில் கிடக்கும். பாமினி தமிழ்போலத் தோன்றும். உள்ளே ஆங்கில எழுத்துதான். 'தமிழ்' என்று நீங்கள் பார்க்கும் சொல் கணினிக்கு ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி. தேடுபொறியும் அதைத்தான் ஏற்றி வைத்துக்கொள்ளும். யாராவது ஜே-கே-பி-ஓ என்று தேடி வந்தால் உண்டு! இதில் வருத்தம் என்னவென்றால், இந்தச் சிக்கலைத் தீர்க்க ஓடியவர்களில் நம் ஊர்க்காரர்கள் முன்வரிசையில் இருந்தார்கள். கணினியில் தமிழ் தட்ட உதவும் முரசு அஞ்சல் மென்பொருளை உருவாக்கிய முத்து நெடுமாறன் மலேசியர். 2001-இல் தமிழ் இணைய மாநாடு கோலாலம்பூரில்தான் நடந்தது. இருந்தும் நம் சங்கங்களின் பொன்விழா மலர்கள் இன்னும் ஜே-கே-பி-ஓவில் உறங்குகின்றன. பழைய எழுத்துருவை ஒருங்குறிக்கு மாற்றும் கருவிகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஒரு பள்ளி விடுமுறையில் இரண்டு பிள்ளைகளை உட்காரவைத்தால் முடிந்துவிடும். மாற்றியதைப் பெரியவர் ஒருவர் மெய்ப்புப் பார்க்க வேண்டும். ஒற்றும் கொம்பும் இடம் மாறிப்போகும்.

பத்துமலையா, பத்து கேவ்ஸா

இனி மூன்றாவது, பொருத்தம். சுவையான பகுதியும் இதுவே.

தைப்பூசம் நடக்கும் இடத்தைத் தமிழர் பத்துமலை என்போம். உலகம் அதைப் பத்து கேவ்ஸ் என்கிறது. 272 படிக்கட்டுகளும் ஒன்றுதான், 2006-இல் திறக்கப்பட்ட 42.7 மீட்டர் உயர முருகன் சிலையும் ஒன்றுதான். ஆனால் சொல்லடைவில் அவை இரண்டு தனிச் சொற்கள். தேடுபொறி இப்போது இரண்டையும் முடிச்சுப் போடும் அளவுக்குக் கெட்டிக்காரத்தனம் பெற்றிருக்கிறது, இருந்தாலும் உங்கள் பக்கத்தில் இரண்டு பெயரும் இயல்பாக ஓரிடத்தில் இருப்பது பாதுகாப்பு.

பரதநாட்டியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழில் அதை எழுதும் முறை ஒன்றுதான். ஆங்கில எழுத்தில் தட்டுபவர்களில் ஒருவர் தகரத்துக்கு 'எச்' சேர்க்கிறார், ஒருவர் சேர்ப்பதில்லை, இன்னொருவர் பரதத்தையும் நாட்டியத்தையும் பிரித்து இரண்டாக்குகிறார். மலாய்ப் பள்ளியில் படித்த பிள்ளை 'கெலாஸ் தாரியான் இந்தியா' என்று தட்டுகிறது. பிரிக்பீல்ட்ஸ் என்பதையே தமிழில் நாலுவிதமாக எழுதுகிறோம். இத்தனையையும் ஒரே பத்தியில் கொட்டவேண்டும் என்று சொல்லவில்லை. ஒரு காலத்தில் அப்படிச் செய்தார்கள். ஒரே சொல்லை ஐம்பது முறை, பின்னணி நிறத்திலேயே, கண்ணுக்குத் தெரியாமல் எழுதி வைப்பார்கள். இன்று அது தேடுபொறியிடம் கெட்ட பெயர் வாங்கித் தரும். பார்ப்பவர் கண்ணுக்குத் தெரியாத பக்கத்தின் நிரல் பகுதியில் 'திறவுச்சொற்கள்' என்று ஒரு பட்டியல் ஒளித்துவைக்கும் பழக்கமும் வீண். வரிசைப்படுத்துவதற்கு அதைப் பயன்படுத்துவதில்லை என்று கூகுள் 2009-லேயே சொல்லிவிட்டது. இன்றைக்கும் அதை நிரப்பித் தருவதற்குக் காசு கேட்பவர்கள் இருக்கிறார்கள்.

செய்யவேண்டியது எளிது. வகுப்புக்கு ஒரு தனிப் பக்கம் வையுங்கள். அதைத் தமிழில் ஒன்றாகவும் ஆங்கிலத்தில் ஒன்றாகவும், முடிந்தால் மலாயில் ஒன்றாகவும், தனித்தனி முகவரியில் எழுதுங்கள். நம் வீடுகளில் பாட்டி தமிழில் தேடுகிறாள், மருமகள் ஆங்கிலத்தில் தேடுகிறாள், பக்கத்து வீட்டு மலாய்த் தோழி தன் மகளையும் சேர்க்கலாமா என்று மலாயில் தேடுகிறாள். மூவரும் உங்கள் வாசலுக்கு வரவேண்டியவர்கள். மொழிபெயர்ப்புக் கருவியில் போட்டு எடுத்ததை அப்படியே ஒட்டிவிடாதீர்கள். 'சலங்கை பூஜை' என்பது இயந்திரத்தின் கையில் என்னவாகும் என்று நான் பார்த்திருக்கிறேன். சொன்னால் குரு வருத்தப்படுவார்.

பெற்றோர் உண்மையில் கேட்பதை எழுதுங்கள். எங்கள் செயலாளர் அம்மா ஒரு மாதம் தமக்கு வந்த அழைப்புகளை ஒரு பள்ளிப் புத்தகத்தில் குறித்து வைத்தார். குருபரம்பரையைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. எத்தனை வயதில் சேர்க்கலாம், மாதக் கட்டணம் எவ்வளவு, சேலை கட்டாயமா, கேஎல் சென்ட்ரல் ரயில் நிலையத்திலிருந்து நடந்து வரலாமா, வண்டி நிறுத்த இடம் உண்டா. கடைசிக் கேள்வி மட்டும் பக்கம் பக்கமாக வந்தது. ஆனால் எங்கள் அகப்பக்கத்தில் அப்போது இருந்தது என்ன? 'அறிமுகம்', 'நோக்கம்', 'தொலைநோக்கு', 'தலைவர் உரை'. வண்டி நிறுத்துவதைப் பற்றி ஒரு சொல் இல்லை. அந்தப் புத்தகத்தைப் பார்த்தே வகுப்புப் பக்கத்தைத் திருத்தி எழுதினேன். தலைவர் உரையை எடுக்கவில்லை, கொஞ்சம் கீழே இறக்கினேன். அவர் இதுவரை கவனிக்கவில்லை.

தலைப்பைப் பற்றி ஒரு வார்த்தை. தேடல் முடிவில் நீல நிறத்தில் பெரிதாகத் தெரியுமே, அந்த வரி பெரும்பாலும் பக்கத்தின் தலைப்பிலிருந்து வருகிறது. பல சங்கங்களில் அது 'முகப்பு' என்று மட்டும் இருக்கும். கடைப் பலகையில் 'கடை' என்று எழுதி வைத்ததுபோல! 'பிரிக்பீல்ட்ஸில் சிறுவர் பரதநாட்டிய வகுப்பு, ஞாயிறு காலை' என்று எழுதி அதன்பின் சங்கத்தின் பெயரைப் போட்டால், தட்டியவர் கண்ணுக்கு விடை அங்கேயே தெரிந்துவிடும்.

அகப்பக்க முகவரியில் மட்டும் தமிழ்ப் பற்றைச் சற்று அடக்கிக்கொள்ளுங்கள். தமிழில் முகவரி வைக்கலாம், தேடுபொறிக்கு அது விளங்கும். சிக்கல் ஒட்டும்போது வருகிறது. 'தைப்பூசம்' என்ற சொல் கணினிக்கு ஒன்பது குறியீடுகள். ஒவ்வொன்றும் மூன்று பைட் (கணினி எழுத்தைச் சேமிக்கும் சிறு அலகு). ஒவ்வொரு பைட்டும் முகவரியில் விழுக்காட்டுக் குறியோடு சேர்ந்து மூன்று குறிகளாக விரியும். ஆக ஒரே ஒரு தைப்பூசம் 81 குறி நீளத்துக்கு, விழுக்காடும் எண்ணுமாகப் புலனக் குழுவில் போய்க் கொட்டும். பார்த்தவர்கள் ஏதோ மோசடி இணைப்பு என்று அழித்துவிடுகிறார்கள். முகவரி ஆங்கில எழுத்தில் குட்டையாக இருக்கட்டும், உள்ளே தமிழ் நிறைந்திருக்கட்டும்.

நாலு பேர் சொல்ல வேண்டும்

பெண் எடுக்கப் போகும்போது பெண் வீட்டார் தங்களைப் பற்றிச் சொல்வதை யார் கேட்கிறார்கள்? அக்கம்பக்கத்தில் விசாரிப்போம். தேடுபொறியும் அதையே செய்கிறது. 1998-இல் லேரி பேஜ், செர்கே பிரின் என்னும் இரண்டு ஸ்டான்போர்டு மாணவர்கள் கூகுளைத் தொடங்கியபோது அவர்கள் கையில் இருந்த முக்கியமான யோசனை அதுதான்: ஒரு பக்கத்துக்கு மற்ற பக்கங்கள் கொடுக்கும் இணைப்பைச் சாட்சியாக எடுத்துக்கொள்வது. எத்தனை பேர் சொன்னார்கள் என்பது மட்டும் கணக்கில்லை, சொன்னவரை எத்தனை பேர் மதிக்கிறார்கள் என்பதும் கணக்கு. இன்று வரிசைப்படுத்துவதில் வேறு பல கூறுகள் சேர்ந்துவிட்டன. சாட்சியின் மதிப்பு குறைந்திருக்கிறதே தவிர, போய்விடவில்லை.

இதில் பண்பாட்டுச் சங்கத்துக்கு வணிகர்களைவிட நல்ல வாய்ப்பு உண்டு. சோப்பு விற்பவருக்கு யார் சும்மா சாட்சி சொல்வார்கள்? உங்களுக்குச் சொல்வார்கள். நவராத்திரிக்கு உங்கள் பிள்ளைகள் ஆடிய கோயில், பொங்கல் விழாவுக்கு நீங்கள் கோலம் போட்டுக் கொடுத்த தமிழ்ப்பள்ளி, மிருதங்கம் வாசித்த கலைஞரின் சொந்தப் பக்கம், நீங்கள் வாடகைக்கு எடுத்த மண்டபம், ஆய்வுக்காக வந்து பேட்டி எடுத்த பல்கலைக்கழக மாணவர் என்று பட்டியல் ஏற்கெனவே உங்களிடம் இருக்கிறது. கேட்காததுதான் குறை. நன்றிக் கடிதம் அனுப்பும்போது, "உங்கள் அகப்பக்கத்தில் நிகழ்ச்சியைக் குறிப்பிடும்போது எங்கள் முகவரியையும் இணைத்தால் மகிழ்வோம்" என்று ஒரு வரி சேருங்கள். நாங்கள் அப்படிக் கேட்ட இடத்தில் முகம் சுளித்தவர் யாருமில்லை. மறந்துவிட்டவர்கள் உண்டு, மறுபடியும் கேட்டோம்.

சாட்சியை விலைக்கு வாங்காதீர்கள். மாதம் இவ்வளவு கொடுத்தால் ஆயிரம் இணைப்பு தருகிறோம் என்று மின்னஞ்சல் வரும். 2012-இல் பெங்குவின் என்று பெயரிட்ட மாற்றத்தைக் கொண்டுவந்தது முதல், இப்படிப்பட்ட போலி இணைப்புகளைக் கூகுள் தேடிப்பிடித்துத் தள்ளி வருகிறது. 'முதல் இடம் நிச்சயம்' என்று யாராவது சொன்னால் அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளலாம். அந்த நிச்சயத்தை யாராலும் தர முடியாது என்று கூகுளே சொல்லியிருக்கிறது.

நவராத்திரிக்கு ஆண்டுதோறும் புதுப் பக்கம் திறப்பதும் நம் வழக்கம். போன ஆண்டுப் பக்கத்துக்குச் சேர்ந்த சாட்சியெல்லாம் அங்கேயே தங்கிவிடும், புதுப் பக்கம் வெறுங்கையோடு நிற்கும். முகவரியில் ஆண்டைப் போடாமல் நவராத்திரிக்கென ஒரே பக்கம் வைத்து, ஒவ்வோர் ஆண்டும் அதிலேயே நாளையும் நிகழ்ச்சி நிரலையும் மாற்றுங்கள். பழைய படங்களை அடியில் தொகுத்துவிடலாம். கொலுப்படி கட்டும் நாளன்று ஏற்றினால் பயனில்லை, சில வாரங்களுக்கு முன்பே பக்கம் தயாராக இருக்கவேண்டும்.

வரைபடம், முகநூல், முகவரிப் பத்திரம்

கூகுள் வரைபடத்தில் உங்கள் சங்கத்தைப் பதிவது இலவசம். பதிவு உறுதியானதும் திறந்திருக்கும் நேரம், படம், தொலைபேசி எண், மதிப்புரை எல்லாம் ஓரிடத்தில் வரும். 'அருகில் உள்ள நடன வகுப்பு' என்று தேடுபவருக்கு முதலில் கண்ணில் படுவது வரைபடப் பெட்டிதான். ஒரு கட்டுப்பாடு உண்டு. சொந்தமாகவோ உரிமையோடோ இல்லாத இடத்தில், எடுத்துக்காட்டாகக் கோயில் மண்டபத்தை ஞாயிறுதோறும் வாங்கி நடத்தும் வகுப்புக்கு, அந்த முகவரியில் பதிவு வைக்க விதி இடம் தராது. சங்கத்துக்கென ஒரு சிற்றறை வாடகைக்கு இருந்தாலும் அதைப் பதியுங்கள், வகுப்பு நடக்கும் இடத்தை அகப்பக்கத்தில் எழுதுங்கள்.

முகநூல் போதாதா என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். முகநூலில் போட்டது திருவிழாக் கடை. கூட்டம் வரும், இரண்டு நாளில் பெருக்கித் தள்ளிவிடுவார்கள். மூன்று மாதம் கழித்து ஒருவர் தேடும்போது அது கிடைப்பது அரிது. அகப்பக்கம் சொந்த வீடு. திருவிழாக் கடையில் நின்றுகொண்டு, வீட்டுக்கு வழி சொல்லிக் கொடுங்கள். பதிவில் எல்லாவற்றையும் கொட்டிவிடாமல் ஒரு படமும் இரண்டு வரியும் போட்டு இணைப்பைத் தாருங்கள். புலனத்தில் இணைப்பை ஒட்டும்போது சிறு படமும் தலைப்பும் தோன்றுகின்றனவா என்று பாருங்கள். தோன்றாவிட்டால் உங்கள் வடிவமைப்பாளரிடம், பகிர்வுக்கான படத்தை 1200-க்கு 630 புள்ளி அளவில் வைக்கச் சொல்லுங்கள். அரங்கேற்றப் படங்களை எடுத்தபடியே ஏற்றாமல் சுருக்கி ஏற்றுங்கள். உங்களைப் பார்ப்பவர் ரயிலில் நின்றுகொண்டு கைப்பேசியில் பார்க்கிறார்.

சொந்த வீடு என்றேன். அதற்குப் பட்டா யார் பெயரில் இருக்கிறது என்று என்றைக்காவது பார்த்தீர்களா? எங்கள் முதல் அகப்பக்க முகவரியை, ஆர்வம் மிகுந்த உறுப்பினர் ஒருவர் தம் சொந்த மின்னஞ்சலில், தம் சொந்தக் கடன் அட்டையில் பதிந்திருந்தார். நல்ல மனிதர். பிறகு வேலைக்காக வெளிநாடு போனார், மின்னஞ்சலும் மாறியது. புதுப்பிக்கும்படி வந்த நினைவூட்டல்கள் யாரும் திறக்காத பெட்டியில் விழுந்தன. ஒரு காலையில் செயலாளர் அம்மா பதறிப்போய் அழைத்தார். திறந்து பார்த்தால் நடராசர் இருந்த இடத்தில் சூதாட்ட விளம்பரம் சுழன்றுகொண்டிருந்தது. காலாவதியான முகவரியை யாரோ வாங்கிவிட்டார்கள். கோயிலும் பள்ளியும் எங்களுக்குக் கொடுத்திருந்த சாட்சியெல்லாம் இப்போது சூதாட்டத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. அதற்காகத்தான் அப்படிப்பட்ட முகவரிகளைத் தேடி வாங்குகிறார்கள் என்பது எனக்குப் பிறகுதான் விளங்கியது. ஒவ்வோர் இடமாகத் தொலைபேசியில் பேசி, மன்னிப்புக் கேட்டு, பழைய இணைப்பை மாற்றச் சொன்னோம். புதிய முகவரி சங்கத்தின் பொது மின்னஞ்சலில் இருக்கிறது, கடவுச்சொல் இரண்டு பேரிடம் இருக்கிறது, காலாவதி நாள் பொருளாளரின் நாட்குறிப்பில் தணிக்கைக் கணக்குக்கு அடுத்த வரியில் இருக்கிறது.

காசு கொடுத்து விளம்பரம் செய்வதைப் பற்றியும் கேட்பார்கள். தகுதி பெறும் இலாப நோக்கற்ற அமைப்புகளுக்கு மாதம் 10,000 அமெரிக்க டாலர் மதிப்புவரை தேடல் விளம்பரத்தைக் கூகுள் இலவசமாகத் தருகிறது. பணமாகக் கையில் தராது, விளம்பர இடமாகத் தரும். கேட்கப் பெரிதாக இருக்கும். ஆனால் பதிவு ஆவணங்கள் சரியாக இருக்க வேண்டும், விளம்பரத்தைப் பார்ப்பவர்களில் மாதந்தோறும் குறைந்தது 5 விழுக்காட்டினர் அதைத் தட்ட வேண்டும், ஒருவர் உட்கார்ந்து தொடர்ந்து கவனிக்க வேண்டும். வகுப்புப் பக்கத்தில் கட்டணம்கூட எழுதாத சங்கம் இதில் இறங்குவது, சமைக்காமல் பந்திக்கு அழைப்பதுபோல. முதலில் சமையலைப் பாருங்கள்.

யார் வந்தார்கள் என்று பார்ப்பது

சர்ச் கன்சோல் என்று கூகுள் தரும் இலவசக் கருவி ஒன்று இருக்கிறது. அகப்பக்கம் உங்களுடையதுதான் என்று ஒருமுறை உறுதிசெய்துவிட்டால், மக்கள் எதையெதைத் தட்டியபோது உங்கள் பக்கம் தோன்றியது, அதில் எத்தனை பேர் உள்ளே வந்தார்கள் என்று 16 மாதக் கணக்கு வரை காட்டும். நீங்களே உங்கள் கைப்பேசியில் தேடிப் பார்த்து மகிழ்வதைவிட இதை நம்பலாம். நீங்கள் இருக்கும் இடத்தையும், சில நேரம் முன்பு தேடியதையும் வைத்துத் தேடுபொறி முடிவுகளை மாற்றும். தலைவரின் கைப்பேசியில் நாங்கள் முதலில் வந்ததில் அதற்கும் பங்கு இருந்திருக்கலாம்.

அதை முதன்முதலாகத் திறந்தபோது எனக்கு ஒரு வியப்பு காத்திருந்தது. எங்கள் அகப்பக்கத்துக்கு வந்தவர்களில் அதிகமானோர் தேடியது சங்கத்தின் பெயரை அல்ல, பரதநாட்டியத்தை அல்ல. கோலாட்டக் குச்சியை. ஒரு நவராத்திரிக்கு முன் எங்கள் நடன ஆசிரியை பிள்ளைகளுக்காக அரைப்பக்கம் எழுதியிருந்தார். குச்சியின் நீளம் பிள்ளையின் முழங்கையிலிருந்து நடுவிரல் நுனிவரை இருந்தால் போதும், சீவி வழவழப்பாக்காத குச்சி கையில் சிராய்க்கும், நுனியில் துணி சுற்றினால் வண்ணம் உதிராது என்றெல்லாம். வேறு எவரும் இதை எழுத மெனக்கெடவில்லை போலும். பள்ளிக் கலைவிழாவுக்குப் பிள்ளையைத் தயார்செய்யும் பெற்றோர் எல்லோரும் அந்த அரைப்பக்கத்தில் வந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். படித்தார்கள், போய்விட்டார்கள். அந்தப் பக்கத்தில் எங்கள் வகுப்பைப் பற்றி ஒரு சொல் இல்லை.

மூன்று வரி சேர்த்தேன். ஞாயிறு காலை வகுப்பு, இடமும் கட்டணமும், செயலாளர் அம்மாவின் எண். அடுத்த நவராத்திரி நெருங்கியபோது காஜாங்கிலிருந்து ஒரு தாய் அழைத்தார். வகுப்பைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. கோலாட்டக் குச்சி இரண்டு ஜோடி உங்களிடம் கிடைக்குமா என்றுதான் கேட்டார். "இருக்கிறதம்மா, பிள்ளையையும் அழைத்து வாருங்கள், கை அளவு பார்த்துத் தருகிறோம்" என்றார் எங்கள் செயலாளர். ஞாயிற்றுக்கிழமை இரண்டு பிள்ளைகளோடு வந்து இறங்கினார்கள், வண்டி நிறுத்த இடம் தேடி இருபது நிமிடம் சுற்றிய பிறகு.